அன்றைக்குச் சம்மதம் சொன்னது யார்?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம்)



போன இதழில் உள்கடன் பேரேடு எழுதுவது பற்றிப் படித்தோம். இந்த மாதம் ஓட்டு பற்றிப் படிக்கப் போகிறோம். விரலில் மை வைத்து நாம் போடும் ஓட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் அனுப்பி வைத்தவர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உட்கார்ந்து நம் பேரில் போடுகிறாரே, அந்த ஓட்டைப் பற்றித்தான் பாடம்.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் செம்மேட்டில் கூட்டமைப்புக் கூட்டம் நடந்தது. மிளகு பறிப்புக்கு முந்தின சமயம். பொது நிதியிலிருந்து கடன் கேட்டு மூன்று குழுக்கள் மனுக் கொடுத்திருந்தன. கையிருப்பு ஒரு குழுவுக்குத்தான் காணும். மதியம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆளாளுக்குப் பையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்து, "இந்தத் தடவை ரோட்டோரக் குழுவுக்குக் கொடுத்திடலாமா? எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்து "சம்மதம், சம்மதம்" என்று சத்தம் வந்தது. தீர்மான நோட்டில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று என் கையாலேயே எழுதினேன். வருகைப் பதிவில் எல்லாரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதுவே போதும் என்று நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கூட்டம். உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து விடியற்காலையில் நடந்து, பிறகு பஸ் பிடித்து வருகிற ஒரு அக்கா, வயதில் என் அம்மா மாதிரி, எழுந்து நின்றார்.

"மேடம், அன்னைக்குச் சம்மதம் சொன்னது யாரு? நோட்டை எடுத்துப் பேரைப் படிங்க."

நோட்டை எடுத்தேன். பேர் எங்கே இருக்கிறது? "ஏகமனதாக" என்ற ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

"நாங்க ஏழு பேரு பின்னாடி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி வாய் தொறக்கலை. எங்களையும் சேத்துல்ல சம்மதம்னு எழுதி வச்சிருக்கீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சமூகப்பணி படிப்பில் பங்கேற்புடன் முடிவெடுப்பது பற்றித் தனித் தாளே எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியவள் நான். அந்தக் குழுவில் மூன்று பேர், கடன் கிடைக்காததால், மிளகு கொடியில் இருக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே விட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ரோட்டோரக் குழுவுக்குக் கொடுத்தது தவறு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் தேவை இருந்தது. ஆனால் அந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்று நோட்டில் இல்லை. யாரிடமும் போய்க் காரணம் கேட்க முடியாது. அதுதான் அநியாயம்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சத்தத்தில் நிறைவேறும் சட்டம்

நான் அன்றைக்குச் செய்ததைத்தான் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெரும்பாலான நாட்களில் செய்கிறார்கள். அதற்கு ஒரு பெயர்கூட உண்டு, குரல் வாக்கெடுப்பு. சபாநாயகர் மசோதாவை முன்வைத்து, ஏற்பவர்கள் 'ஆம்' சொல்லுங்கள், ஏற்காதவர்கள் 'இல்லை' சொல்லுங்கள் என்பார். எந்தச் சத்தம் அதிகம் என்று அவர் காதுக்குப் பட்டதோ, அதுவே முடிவு. யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார், யார் தூங்கிக்கொண்டிருந்தார், எதுவும் பேர் வாரியாகப் பதிவாகாது.

இதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட சின்ன விஷயத்துக்கு இது சௌகரியம்தான். டீ வாங்குவதற்கெல்லாம் கை தூக்கச் சொல்லி எண்ண முடியாது. ஆனால் வயிற்றுப்பாட்டை மாற்றுகிற சட்டமும் அப்படியே போகிறது.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் நாட்டில் தொடங்கிய திட்டம். நம் மலையில் அந்த வேலை அட்டை இல்லாத வீடு குறைவு. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு சட்டம் வைக்கும் மசோதா 2025 டிசம்பர் 18 அன்று மக்களவையில் ஓட்டுக்கு வந்தது. நாட்களை 125 ஆக்குகிறோம் என்றது அரசு. செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 பங்கு போட வேண்டும் என்று அதே மசோதா சொல்கிறது. முன்பு கூலி முழுவதும் மத்திய அரசின் பணம். இது நல்லதா கெட்டதா என்று நாம் தனியாக ஒரு பாடமே படிக்கலாம். இங்கே நான் சொல்ல வருவது வேறு. எதிர்த்தவர்கள் கோஷம் போட்டார்கள், மசோதா நகலைக் கிழித்தார்கள், மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றிரவு நடுநிசி தாண்டி மாநிலங்களவையிலும் அப்படியே. இத்தனை கோடிப் பேரின் கூலியை மாற்றிய அந்த நாளில் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று ஒரு எண் கிடையாது.

வாய்விட்டுக் கேட்டும் எண்ணாத நாளும் உண்டு. 2020 செப்டம்பர் 20, மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள். சத்தம் வேண்டாம், ஓட்டை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். நம் தமிழ்நாட்டின் திருச்சி சிவாவும் கேட்டவர்களில் ஒருவர். அவரவர் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், சபை ஒழுங்காக இல்லை என்று அவையை நடத்திய துணைத் தலைவர் சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். அதன்பின் டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்ததும், 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான்!

எண்ணினால் என்ன தெரியும்?

உறுப்பினர்கள் கேட்டு, சபாநாயகர் ஒத்துக்கொண்டால் ஓட்டை எண்ணுவார்கள். மக்களவையில் மணி அடிக்கும். வெளியே இருப்பவர்கள் ஓடி வருவார்கள். பிறகு கதவை மூடிவிடுவார்கள். ஒவ்வொருவர் மேஜையிலும் பொத்தான் இருக்கிறது. பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை, மஞ்சள் என்றால் இரண்டிலும் இல்லை. யார் எதை அழுத்தினார் என்று பேரோடு நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகிவிடும். நம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணியிருக்கிறார்கள்.

அப்படி எண்ணிய ஒரு நாளைப் பார்ப்போம். 2019 ஜூலை 22, மக்களவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் மசோதா.

இந்தச் சட்டம் நமக்குப் புதிதல்ல. 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, வீடு கட்டும் திட்டத்தில் யார் யார் பேர் இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது, எங்கள் ஊர்ப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. பதில் வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரிக்கு மேல்முறையீடு. அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். அரசு எடுத்த முடிவு நியாயமாக எடுக்கப்பட்டதா என்று ஒரு சாதாரணப் பெண் சோதித்துப் பார்க்க இருக்கிற கடைசிப் படி அந்த ஆணையம்தான்.

2005 சட்டத்தில் ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்து வருடம் அல்லது 65 வயது வரை என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. சம்பளம் யாருக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 2019 திருத்தம் இரண்டையும் எடுத்துவிட்டு, மத்திய அரசு விதி போட்டு முடிவு செய்துகொள்ளும் என்று வைத்தது. மாநில ஆணையர்களுக்கும் சேர்த்துத்தான். அந்த அக்டோபரில் வந்த விதியில் பதவிக்காலம் மூன்று வருடமானது.

நம் பாஷையில் சொல்கிறேன். கூட்டமைப்புக் கணக்கைத் தணிக்கை செய்ய ஒருவர் வருகிறார். அவர் எத்தனை வருடம் வரலாம், அவருக்கு என்ன சம்பளம் என்பதை யாருடைய கணக்கை அவர் பார்க்கிறாரோ அந்தத் தலைவியே இஷ்டம் போல் மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டால் நீங்கள் விடுவீர்களா? தணிக்கையாளர் நல்லவராகவே இருக்கலாம். தலைவியும் நல்லவராக இருக்கலாம். இருந்தாலும் விடமாட்டீர்கள். ஆணையர்களை இதுவரை தேர்தல் ஆணையர்களோடு சமமாக வைத்ததே பொருத்தமில்லை, அதைச் சரி செய்கிறோம் என்பது அரசு சொன்ன காரணம். என் மனசுக்கு அது போதவில்லை.

ஓட்டெடுப்பில் ஆதரவு 218, எதிர்ப்பு 79. மசோதா நிறைவேறியது.

இந்த இரண்டு எண்ணையும் கூட்டிப் பாருங்கள். 297. மக்களவையின் மொத்த இடம் 543. ஏறக்குறைய 240 பேர் ஆம் பக்கத்திலும் இல்லை, இல்லை பக்கத்திலும் இல்லை! உடம்புக்கு முடியாதவர் இருக்கலாம், ஊரில் வேலை என்று போனவர் இருக்கலாம், வேண்டுமென்றே வெளியே நின்றவரும் இருக்கலாம். நம் குழுவில் முக்கியமான தீர்மானத்தன்று வராமல் இருந்துவிட்டு, "நான் எங்க ஒத்துக்கிட்டேன்?" என்று பிறகு சொல்கிற ஆளை நமக்குத் தெரியும்தானே. எண்ணியதால்தான் இந்த ஓட்டையாவது நம் கண்ணில் படுகிறது.

மூன்று நாள் கழித்து மாநிலங்களவை. மசோதாவை அவசரப்படாமல் ஒரு தேர்வுக் குழுவுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்ற யோசனைக்கு ஆதரவு 75, எதிர்ப்பு 117. யோசனை விழுந்தது. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. மசோதா குரல் வாக்கெடுப்பில் போனது.

இதோடு இன்னொன்றும் உண்டு. 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கடைசியில் ஒரு சின்ன வரியில், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் பற்றிய பிரிவை மாற்றினார்கள். முன்பு, பொது வேலையோடு சம்பந்தமில்லாத சொந்த விவரத்தைத்தான் தர மறுக்கலாம். மாற்றத்துக்குப் பிறகு, தனிநபர் விவரம் என்றாலே மறுக்க இடமிருக்கிறது. பொது நலன் பெரிது என்று அதிகாரி கருதினால் தரலாம். பயனாளிகள் பட்டியலில் பேரைக் கேட்டால் இனி என்ன சொல்வார்களோ என்று யோசியுங்கள். இது இரண்டு அவையிலும் குரல் வாக்கெடுப்பு.

எதிர்த்தவரின் பேரும் வேண்டும்

அரசியல் சட்டத்தையே திருத்துவதானால் மட்டும் சத்தத்தில் முடிக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதா என்று எண்ணியே ஆகவேண்டும். அதனால்தான் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதாவின் கணக்கு நமக்குச் சுத்தமாகக் கிடைக்கிறது. முதன்முதலில் 1996-ல் கொண்டுவந்து, பல தடவை கிழிபட்டு, 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186-க்கு 1 என்று தேறியது. மக்களவைக்கு வராமலே 2014-ல் செத்தது. மறுபடி 2023 செப்டம்பர் 20-ல் மக்களவையில் 454-க்கு 2. மறுநாள் மாநிலங்களவையில் 214, எதிர்ப்பு ஒன்றும் இல்லை.

2010-ல் அந்த ஒற்றை எதிர்ப்பு மகாராஷ்டிர விவசாயத் தலைவர் சரத் ஜோஷியுடையது. 2023-ல் எதிர்த்த இருவர் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும். பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் உள் ஒதுக்கீடு இல்லையே என்பது அவர்கள் காரணம். நான் அந்த மசோதாவின் பக்கம்தான். ஆனாலும் இந்த மூன்று பேரின் பேர் பதிவாகி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் எதிர்த்தாய் என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார், அவரிடம் ஒரு பதிலும் இருக்கிறது. அந்த 454 பேரிடமும் நாம் ஒன்று கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று அதே சட்டத்தில் எழுதினார்களே, அதற்கும் சேர்த்துத்தான் பச்சைப் பொத்தானை அழுத்தினீர்களா?

கொறடா என்கிற கயிறு

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் நான் பாதிப் பாடம் நடத்தியவள் ஆவேன். எண்ணினாலும், பேர் வந்தாலும், அது அந்த உறுப்பினரின் சொந்த மனசு என்று முழுதாக நம்ப முடியாது. ஒவ்வொரு கட்சிக்கும் கொறடா ஒருவர் இருப்பார். இன்ன பக்கம் ஓட்டுப் போடு என்று அவர் உத்தரவு போட்டால் மீற முடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். காசுக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. தடுத்ததோ இல்லையோ, உறுப்பினரின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

அந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி பாய்ந்ததா? நம் மாநிலத்தில் நடந்ததையே பாருங்கள். 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. அதற்கு முன்பு ஆளும் கட்சி உறுப்பினர்கள் பல நாட்கள் கூவத்தூர் விடுதியில் தங்கியிருந்தார்கள். ரகசிய ஓட்டெடுப்பு வேண்டும் என்று ஓ. பன்னீர்செல்வம் பக்கமும் எதிர்க்கட்சிகளும் கேட்டன. சபாநாயகர் தனபால் மறுத்தார். தி.மு.க. உறுப்பினர்களை வெளியேற்றினார்கள், காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. மீதி இருந்தவர்களை எழுந்து நிற்க வைத்து எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11.

கட்சி உத்தரவுக்கு எதிராக நின்ற அந்த 11 பேரில் ஒருவருக்கும் பதவி போகவில்லை. அந்த ஆகஸ்டிலேயே இரண்டு அணியும் ஒன்றாகி, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆனார். அதே ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் பக்கம் இருந்த உறுப்பினர்கள் ஆளுநரிடம் போய், முதல்வருக்கு எங்கள் ஆதரவு இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைச் செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். சட்டசபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடிதம் கொடுத்தவர்களுக்குப் பதவி போனது. உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். சட்டப்படி அது முடிந்த கதை. ஆனால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி உட்பட அந்த 18 தொகுதி மக்களுக்கு 2019 ஏப்ரல், மே இடைத்தேர்தல் வரை எம்.எல்.ஏ.வே இல்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல், அவர்கள் பேரில் கை தூக்க அங்கே ஆள் இல்லை.

நமது ஓட்டு ரகசியம், அவர் ஓட்டு?

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குழுவில் ஒரு கேள்வி வரும். "நம்ம ஓட்டு மட்டும் ரகசியம்ங்கறாங்க, எம்.எல்.ஏ ஓட்டு மட்டும் எதுக்கு மேடம் எல்லாருக்கும் தெரியணும்?"

நல்ல கேள்வி. நாம் போடுவது நம் சொந்த ஓட்டு. வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர், ஊர்ப் பெரிய மனுஷர் யாரும் மிரட்டாமல் இருக்க அது மூடி இருக்க வேண்டும். எம்.எல்.ஏ. போடுவது அவர் சொந்த ஓட்டு அல்ல. நாம் கொடுத்து அனுப்பியதை அவர் செலவு செய்கிறார். சங்கப் பணத்தை வங்கியில் கட்டக் கொண்டுபோன பிரதிநிதி ரசீது காட்டுகிற மாதிரி அவரும் காட்டவேண்டும். 2017-ல் ரகசிய ஓட்டுக் கேட்டவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர்கள் கேட்டது சரி என்று எனக்குப் படவில்லை. விடுதியில் வைத்துப் பூட்டுகிற பழக்கத்தை ஒழிக்க வேண்டுமே தவிர, ரசீதை மறைக்கக் கூடாது. நீங்கள் மாற்றி நினைத்தால் குழுவில் பேசுங்கள்.

நமக்கு இந்த ரசீது மற்றவர்களைவிட அதிகம் தேவை. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். அதில் பழங்குடியினருக்கு என்று ஒதுக்கியவை இரண்டே இரண்டு, நம் சேந்தமங்கலமும் பக்கத்தில் ஏற்காடும். ஆக, நம் எம்.எல்.ஏ. தூக்குகிற கை கொல்லிமலைக்கு மட்டுமான கை அல்ல. ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் இருப்பவர்களுக்கும் சேர்த்து அங்கே இருக்கிற இரண்டு கையில் ஒன்று அது.

மக்களவைக்கு நாம் நாமக்கல் தொகுதி. எம்.பி. எத்தனை நாள் வந்தார், என்ன கேள்வி கேட்டார், எண்ணிய ஓட்டெடுப்பில் எந்தப் பக்கம் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. காலேஜுக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் செல்போனில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கொறடா கயிறு ஓட்டுக்குத்தான். கேள்வி கேட்பதற்கும் பேசுவதற்கும் கயிறு குறைவு. கட்சி சொன்னதற்காக ஒரு பக்கம் ஓட்டுப் போட்டவர், அதே விஷயத்தில் நமக்காக ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று பார்த்தால் ஆளின் எடை தெரிந்துவிடும்.

ஒரு தேர்தல் சமயத்தில் நம் ஊக்குநர் ஒருவர், ஓட்டுக் கேட்டு வந்தவரை நிறுத்தி, "தகவல் சட்டத்தை மாத்தினப்போ உங்க கட்சி எந்தப் பக்கம் நின்னுச்சுங்க?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் சிரித்துக்கொண்டே, "நான் எப்பவும் உங்க பக்கம்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாராம். எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை. கேட்டதே பெரிய விஷயம்.

நம் வீட்டு நோட்டு

கிராம சபையில் இதைவிடச் சுலபம், ஏனென்றால் அங்கே கை நம்முடையது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 10,000 வரை 200 பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வன உரிமைச் சட்டத்தின்படி நிலப் பட்டாவுக்கான மனுவை எடுக்கும் கிராம சபைக்குக் கணக்கு வேறு. உறுப்பினர்களில் பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். நாம் போகாவிட்டால் அந்தக் கூட்டமே செல்லாது என்று அர்த்தம்.

அங்கேயும் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று ஒரு குரல் கேட்கும். அப்போது எழுந்து, தீர்மானத்தை முழுசாகப் படியுங்கள், கையை எண்ணுங்கள், எத்தனை என்று எழுதுங்கள் என்று கேளுங்கள். கூட்டம் முடிந்த பிறகு வீடு வீடாகக் கையெழுத்து வாங்க நோட்டு வந்தால், மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் போடாதீர்கள். தீர்மான நகல் வேண்டுமானால் அதற்கும் அந்தப் பத்து ரூபாய் மனுதான்.

நம் கூட்டமைப்பில் அந்த அக்கா கேட்ட நாளிலிருந்து நோட்டு எழுதும் முறையை மாற்றினோம். பணம் பற்றிய தீர்மானம் என்றால் கை தூக்கி எண்ணுகிறோம். சம்மதம் இத்தனை, சம்மதமில்லை இத்தனை என்று எழுதி, சம்மதமில்லாதவர் பேரையும், அவர் விரும்பினால் காரணத்தையும் சேர்க்கிறோம். எல்லாம் நன்றாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் தடவை மூன்று கை வித்தியாசத்தில் ஒரு கடன் முடிவானது. எதிரெதிராகக் கை தூக்கிய ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. கூட்டமும் ஒரு மணி நேரம் நீண்டு, பலருக்குப் பஸ் போய்விட்டது. தலைவி தேர்வு மாதிரி ஆளைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்துக்குச் சீட்டு எழுதிப் போடுவதுதான் சரி என்று அதன்பிறகு முடிவு செய்தோம். அக்கா இப்போதும் பின்வரிசையில்தான் உட்காருகிறார். தீர்மானம் எழுதி முடித்ததும் அங்கிருந்தே, "படிங்க மேடம்" என்பார். படித்துவிட்டுத்தான் நோட்டை மூடுகிறேன்.

குழுவில் பேச: உங்கள் தீர்மான நோட்டில் கடைசி ஆறு மாதத்தில் எத்தனை தடவை "ஏகமனதாக" என்று எழுதியிருக்கிறது? அதில் எத்தனை உண்மையில் அப்படி நடந்தது? வாய் திறக்காமல் இருந்தவர் யாராவது இன்று பேச விரும்புகிறாரா? உங்கள் ஊரில் நடந்த கடைசி கிராம சபையில் உங்கள் குழுவிலிருந்து எத்தனை பேர் இருந்தீர்கள், என்ன தீர்மானம் போட்டார்கள் என்று சொல்ல முடியுமா? எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் ஒரே ஒரு ஓட்டைப் பற்றிக் கேட்கலாம் என்றால் எதைப் பற்றிக் கேட்பீர்கள்? பேசியதை அரைப் பக்கத்துக்கு எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்கள். சம்மதமில்லாதவர் சொன்னதையும் எழுதுங்கள்.